இரண்டாவது பாடம்

சிங்கப்பூரில் இப்போது இரவு வெகுநேரம் ஆகியிருக்கும், டொராண்டோவில் காலை. இரண்டு பக்கமும் விழித்திருப்பவர்களுக்கு நன்றி. இந்த நேரலையில் வழக்கமாக நாவலையும் கவிதையையும் பற்றிப் பேசுவோம். இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரு பல்கலைக்கழகப் பாடத்தின் வரலாறு. கணினி படிக்கிற எவரும் இரண்டாவதாகச் சந்திக்கும் பாடம் அது: நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்புகளும்.

நான் ஜி.என்.எம். படித்த செவிலியர். நாகர்கோவில் பக்கம் பிறந்தவள். வளைகுடாவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழிப் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். உடன் வேலை செய்கிறவர்கள் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், போஸ்ட் பேசிக் பண்ணாம இது எதுக்கு?" நியாயமான கேள்விதான். இங்கே டிப்ளமோ செவிலியரின் பதவிப் பெயரும் சம்பளமும் சில நேரம் வேலையே கூடப் பட்டத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தால் பலன் உடனே தெரியும். நான் படிப்பதற்கு அப்படி எந்த உடனடிப் பலனும் கிடையாது. ஏன் படிக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வரலாறு.

முதல் பாடத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 'ஹலோ வேர்ல்டு' என்று திரையில் வரவைப்பது, இரண்டு எண்ணைக் கூட்டுவது, பத்து முறை ஒரு வேலையைச் செய்யவைப்பது. அதில் ஒரு உற்சாகம் இருக்கிறது. இரண்டாவது பாடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பலர் கழன்றுகொள்ளும் இடம் அதுதான். முதல் பாடம் இயந்திரத்துக்குக் கட்டளை போடச் சொல்லித் தருகிறது. விஷயங்களை எப்படி அடுக்கிவைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்கும் என்பது இரண்டாவது பாடத்தின் கேள்வி. இது ஆஸ்பத்திரிக்காரர்களின் கேள்வியும்தான்.

இந்தப் பாடத்துக்குக் கல்லூரியில் ஒரு நாற்காலி போட்ட ஆண்டு 1968. அமெரிக்காவின் கணினியாளர் சங்கமான ஏ.சி.எம். அந்த ஆண்டு மார்ச்சில் 'கரிக்குலம் 68' என்ற பாடத்திட்டத்தை வெளியிட்டது. தொடக்கப் பாடங்களுக்கு 'பி' வரிசை எண்கள், அடுத்த நிலைக்கு 'ஐ' வரிசை. அந்த 'ஐ' வரிசையின் முதல் பாடம் 'டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்'. அதே ஆண்டில் டொனால்ட் நூத் தன் பெரிய நூலின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். அதன் இரண்டாம் அத்தியாயம் முழுக்கப் பட்டியல்களும் மரங்களும்தான். நூத் ஒரு லூத்தரன் பள்ளி ஆசிரியரின் மகன், ஆர்கன் வாசிப்பவர். பின்னாளில் விவிலியத்தின் புத்தகங்களிலிருந்து மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஞாயிறு பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்து வளர்ந்த எனக்கு, மாதிரி எடுத்தல் என்ற புள்ளியியல் கருத்தை அதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது.

பாடம் 1968இல் வந்ததே தவிர, அதிலுள்ள பொருள் முன்பே பிறந்துவிட்டது. பிறந்த இடங்களும் கல்லூரிகள் அல்ல. வேலை முட்டி நின்ற இடங்களில்தான் ஒவ்வொன்றும் பிறந்தது. ஜெர்மனியில் சாமல்சனும் பவுயரும் 1957இல் அடுக்கு என்ற கருத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கடைசியாக வைத்ததை முதலில் எடுப்பது, அவ்வளவுதான். அடைப்புக்குறிகள் நிறைந்த ஒரு கணக்கை இயந்திரம் எப்படிப் படிப்பது என்ற சிக்கலுக்கு அது விடை. அதற்கும் முன்னால் 1953 ஜனவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் ஓர் உள்சுற்றுக் குறிப்பு எழுதினார். லூன் துணி ஆலைத் தொழிலிலிருந்து வந்தவர். துணியில் இழைகளை எண்ணும் 'லூனோமீட்டர்' அவர் கண்டுபிடிப்பு. உங்கள் கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கம் சரிதானா என்று பார்க்கும் கணக்கும் அவருடையதே. அந்த 1953 குறிப்பில் அவர் சொன்னதைத்தான் இன்று 'ஹாஷிங்' என்கிறோம். தேட வேண்டிய பொருளின் எண்ணை வைத்தே அது எந்தப் பெட்டியில் இருக்கும் என்று கணக்கிட்டுவிடுவது. எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதை நான் கணினி தொடும் முன்பே பார்த்திருக்கிறேன்.

பழைய பெரிய மருத்துவமனைகளின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். நோயாளியின் கோப்பு எண் ஆறு இலக்கம் என்று வையுங்கள்: 48-27-05. புதிதாக வருபவர் 05 என்று முடியும் கோப்பை 04க்கும் 06க்கும் நடுவில், எண் வரிசையில் தேடுவார். ஆனால் கோப்பறைக்காரர்கள் எண்ணைப் பின்னாலிருந்து படிப்பார்கள். முதலில் கடைசி இரண்டு இலக்கம், 05. நூறு அலமாரிகளில் ஐந்து என்று எழுதிய அலமாரிக்குப் போவார்கள். அதற்குள் 27 என்ற தட்டு. அந்தத் தட்டில் 48. இதை ஆங்கிலத்தில் 'டெர்மினல் டிஜிட்' முறை என்பார்கள். கணினி ஆஸ்பத்திரிக்குள் வருவதற்கு முன்பே பரவிய முறை.

ஏன் இப்படித் தலைகீழாக? நேர் வரிசையில் அடுக்கினால் புதுக் கோப்புகள் எல்லாம் கடைசி அலமாரியில் போய்ச் சேரும். இன்று வந்த நோயாளிகள்தான் நாளையும் வருவார்கள், ஆகவே எல்லாக் கிளார்க்குகளும் அந்த ஒரே அலமாரி முன்னால் முட்டிக்கொள்வார்கள். பழைய அலமாரிகள் தூசி பிடித்துக் கிடக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை வைத்துப் பிரித்தால் அடுத்தடுத்து வரும் நூறு புது நோயாளிகள் நூறு அலமாரிக்கு ஒவ்வொருவராகப் பிரிந்துவிடுவார்கள். கூட்டம் இல்லை. ஒரு கிளார்க்குக்குப் பத்து அலமாரி என்று வேலையையும் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு இலக்கத்தை மட்டும் பார்ப்பதால் தவறான இடத்தில் சொருகுவதும் குறைவு.

இதேதான் ஹாஷ் அட்டவணை. நூறால் வகுத்து மீதியை எடு, அந்த எண்ணுள்ள பெட்டிக்குப் போ. ஒரே பெட்டிக்கு இரண்டு பேர் வந்தால்? பெட்டிக்குள் ஒரு சின்ன வரிசை வைத்துக்கொள். லூன் சொன்னதும் இதுவே. பாடத்தில் இந்தப் பகுதி வந்தபோது வகுப்பில் இருந்த இளைஞர்கள் 'மீதியை ஏன் எடுக்கிறார்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாப்தலின் உருண்டை மணம் வந்தது.

இன்னொன்றும் கோப்பறையில்தான் கற்றுக்கொள்ள முடியும்: எதை வைத்துப் பிரிக்கக் கூடாது என்பது. பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரித்தால் வளைகுடாவில் 'முகமது' என்ற ஒரே பெயரே ஓர் அறையை நிறைத்துவிடும். பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கலாமே என்றால், பிறந்த நாள் சரியாகத் தெரியாமல் பாஸ்போர்ட்டில் ஜனவரி முதல் தேதி என்று எழுதிக்கொண்டு வந்த தொழிலாளர்கள் எத்தனை பேர்! ஜனவரி முதல் தேதிப் பெட்டி வெடித்துவிடும். புத்தகங்களில் இதை 'சீரான பரவல் வேண்டும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் ராமநாதபுரத்திலும் சியால்கோட்டிலும் சில்ஹெட்டிலும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிறந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து ஹீப். 1964இல் ஜே.டபிள்யூ.ஜே. வில்லியம்ஸ் எண்களை வரிசைப்படுத்த ஒரு வழி வெளியிட்டார். அதற்காக அவர் அமைத்த கட்டமைப்பு, வழியைவிடப் பெரிய புகழ் பெற்றது. ஒரு மரம். ஒவ்வொரு தாயும் தன் இரண்டு பிள்ளைகளைவிட அவசரமானவள். அதைத் தவிர வேறு ஒழுங்கு கிடையாது. உச்சியில் எப்போதும் மிக அவசரமானவர் இருப்பார். ஆயிரம் பேர் இருந்தாலும் மரத்தின் உயரம் பத்துப் படிதான். ஒருவரை எடுத்துவிட்டு அடுத்தவரை உச்சிக்குக் கொண்டுவர ஏறத்தாழ அந்தப் பத்துப் படிகளுக்கான ஒப்பீடுகள் போதும். ஆயிரம் பேரையும் முதலிலிருந்து கடைசி வரை அடுக்கி வைக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்கும் எந்த எமர்ஜென்சி செவிலியரும் 'இது டிரையாஜ்' என்பார். நெப்போலியனின் படையில் லாரே என்ற அறுவை மருத்துவர் பதவி பார்க்காமல் காயத்தின் அவசரம் பார்த்துச் சிகிச்சை தந்த காலத்திலிருந்து இது எங்கள் தொழில். இன்று பல நாடுகளில் ஐந்து படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். எங்களுக்கும் முழு வரிசை தேவையில்லை. காத்திருப்பவர்களில் முப்பத்தேழாவது யார், முப்பத்தெட்டாவது யார் என்று நாங்கள் யோசிப்பதே இல்லை. அடுத்து யார் என்பது மட்டும் வேண்டும்.

ஆனால் புத்தகத்து ஹீப்புக்கும் எங்கள் வேலைக்கும் இரண்டு இடங்களில் ஒத்துவராது. ஒன்று, ஹீப்புக்கு யார் முதலில் வந்தார் என்ற நினைவு இல்லை. ஒரே அவசர நிலையில் இரண்டு பேர் இருந்தால் பின்னால் வந்தவரை முதலில் அனுப்பிவிடக்கூடும். ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்தால் நாற்காலி பறக்கும். ஆகவே அவசர எண்ணோடு வந்த நேரத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு, உட்கார்ந்திருக்கும்போதே நோயாளியின் நிலை மாறும். மூன்றாம் நிலையில் உட்காரவைத்த நெஞ்சுவலிக்காரர் அரை மணியில் முதல் நிலைக்கு வந்துவிடுவார். ஹீப்பின் நடுவில் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து மேலே ஏற்ற, அவர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்று இன்னொரு குறிப்பேடு தனியாக வைத்திருக்க வேண்டும். பாடத்தில் இது ஒரு கடினமான பயிற்சியாக வரும். எங்களுக்கு அந்தக் குறிப்பேடு காத்திருப்போர் நடுவே நடந்துபோய் முகங்களைப் பார்க்கும் ஒரு ஜூனியர் சிஸ்டர்.

நைட்டிங்கேல் அம்மையாரின் வரைபடங்களைப் பற்றி இந்த இடத்தில் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்லப்போவதில்லை. செவிலியரையும் தரவையும் சேர்த்துப் பேசும் எல்லோரும் அவரோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்தது சுவாரசியமானது.

1966-67இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலில், ஆக்டோ பார்னெட் என்ற மருத்துவரின் ஆய்வகத்தில், நீல் பப்பலார்டோவும் உடனிருந்தவர்களும் ஒரு நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதன் பெயர் மம்ப்ஸ். ஆமாம், நம்ம ஊர் பொன்னுக்கு வீங்கிக்கு ஆங்கிலப் பெயர் எதுவோ அதேதான். ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்த்து வைத்த ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள். பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

இந்த மொழியின் சிறப்பு அதன் தரவுக் கட்டமைப்பு. ஒரு நோயாளியைப் பற்றிய செய்திகள் கட்டம் போட்ட அட்டவணையில் அடங்காது. ஒருவருக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை, இன்னொருவருக்குப் பதினொன்று. ஒருவர் ஒரே முறை வந்தார், சர்க்கரை நோயாளி நாற்பது முறை. அட்டவணை போட்டால் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். மம்ப்ஸ் இதைக் கிளை பிரியும் மரமாக வைத்தது: நோயாளி எண், அதற்குக் கீழே வருகைகள், அதற்குக் கீழே ரத்தப் பரிசோதனை, அதற்குக் கீழே தேதி. இல்லாத கிளைக்கு இடம் தேவையில்லை. எங்கள் கேஸ் ஷீட்டும் அப்படித்தான் இருந்தது. தேவையான தாளை மட்டும் சொருகுவோம். கேஸ் ஷீட்டின் வடிவத்தைப் பார்த்து ஒரு மொழி உருவானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது பழங்கதை இல்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் பதிவு முறை இதில்தான் எழுதப்பட்டது. உலகெங்கும் பெரிய மருத்துவமனைகள் வாங்கும் எபிக் மென்பொருளின் அடித்தளத்திலும் இந்த மொழியின் வழித்தோன்றல் இருக்கிறது. துபாய் சுகாதார ஆணையம் 2017இல் தொடங்கிய 'சலாமா' பதிவு முறை எபிக்கின் மேல் அமைந்தது. அபுதாபியில் 2019 முதல் 'மலஃபி' இருக்கிறது. அரபியில் 'என் கோப்பு' என்று பொருள். ஆக, இரவு டியூட்டியில் ஒரு தமிழ்ச் செவிலியர் திரையைத் தட்டி முந்தைய ரத்தப் பரிசோதனையைத் தேடும்போது, ஐம்பது ஆண்டுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் முளைத்த மரத்தில் அவர் கிளை கிளையாக இறங்கிக்கொண்டிருக்கலாம்.

சரி, இந்தியாவுக்கு இந்தப் பாடம் எப்படி வந்தது? 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கணினி வந்தது. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கே இருந்தார். 1965இல் முதுநிலைப் படிப்பில் கணினி அறிவியலை ஒரு பிரிவாகத் தொடங்கியவர்களில் முன்னணியில் இருந்தவர். 1969இல் அவர் எழுதிய நிரலாக்கப் பாடநூல் மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் வந்தது. வெளிநாட்டுப் புத்தகம் வாங்க முடியாத தலைமுறைக்கு அதுதான் முதல் பாடம். பிறகு நம்மூர்க் கல்லூரிகளில் அந்த இடத்தைப் பாலகுருசாமியின் புத்தகங்கள் பிடித்தன. அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர் அவர்.

இரண்டாவது பாடத்துக்கு வேறு புத்தகம்: ஹொரோவிட்சும் சாஹ்னியும் எழுதி 1976இல் வந்தது. சார்தாஜ் சாஹ்னி கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தவர்கள் இந்த நேரலையில் இருந்தால், அட்டை கிழிந்த ஒரு 'ஹொரோவிட்ஸ்-சாஹ்னி' உங்கள் நினைவில் இருக்கும்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது 1982. ராஜாராமன் தலைமையிலான ஒரு குழுவின் பரிந்துரைப்படி எம்.சி.ஏ. படிப்பு தொடங்கிய ஆண்டு. அதுவரை கணினி பொறியாளர்களின் சொத்து. இயற்பியலோ வணிகவியலோ படித்துப் பட்டம் வாங்கியவர் இரண்டாவதாக ஒரு படிப்பில் சேர்ந்து கணினிக்குள் வரலாம் என்று கதவு திறந்தது அப்போதுதான். திருச்சியிலும் மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் எத்தனை வீடுகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இந்த வழியாகப் போனார்கள்! இப்போது டல்லாஸிலும் சிட்னியிலும் இருக்கும் உங்களில் சிலர் அந்த வழியில் வந்தவர்களாக இருப்பீர்கள். இரண்டாவது படிப்பு என்பது நம்மிடையே புதிய விஷயமே இல்லை. ஆனால் அந்தக் கதவிலும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது: கணிதம் படித்திருக்க வேண்டும், பட்டம் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் உயிரியலோ நர்சிங்கோ எடுத்துவிட்டு டிப்ளமோவுக்குப் போன பெண்களுக்கு அது திறக்கவில்லை.

தாம்பரத்தையும் சொல்ல வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் துறையில் இருந்தார், ராணி சிரோமணி கணிதத்தில். இருவரும் கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1970களில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். கணினி மொழிகளுக்கு எழுதும் அதே வகை முறையான இலக்கணம். புள்ளிகள் ஓர் அணி, அதன் மேல் ஓடும் கோடு ஒரு விதித்தொகுப்பு. 1974இல் அந்த ஆய்வு ஒரு சர்வதேச ஆய்விதழில் வந்தது. வாசலில் குனிந்து நிற்கும் பெண்ணின் கையில் இருப்பது ஓர் அறிவு என்று எடுத்து, அதைக் கோட்பாட்டுக் கணினி அறிவியலின் மொழியில் பேசினார்கள். என்னுடைய சபையைச் சேர்ந்த வீடுகளில் கோலம் போடுவது அரிது. அந்தக் கட்டுரையைப் பற்றி அறிந்த பிறகுதான் பக்கத்து வீட்டு அத்தையின் வாசலை நின்று பார்க்க ஆரம்பித்தேன்.

இதற்கிடையே அமெரிக்காவில் பாடத்திட்டம் இன்னொரு முறை மாறியது. 'கரிக்குலம் 78' முதல் இரண்டு பாடங்களுக்கு சி.எஸ். 1, சி.எஸ். 2 என்று பெயர் வைத்தது. 1984இலும் 1985இலும் அந்த இரண்டையும் திருத்தி எழுதினார்கள். அன்றிலிருந்து 'சி.எஸ். 2' என்றால் உலகம் முழுக்கத் தரவுக் கட்டமைப்பு என்றே பொருள். மொழிகள் மாறின: ஃபோர்ட்ரான், பாஸ்கல், சி, ஜாவா, இப்போது பைத்தான். உள்ளே இருக்கும் சரக்கு பெரிதாக மாறவில்லை. அதைக் கற்பிப்பதும் எளிதாகவில்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான ஏ.பி. தேர்வில் இரண்டாவது பாட அளவுக்கு 'ஏபி' என்று ஒரு தேர்வு இருந்தது. எழுத வருகிறவர்கள் குறைவு என்று 2009 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். முதல் பாடத்தின் தேர்வு தொடர்ந்தது. ஆகவே இரண்டாவது பாடத்தில் திணறுகிறவர்கள் தங்களை மட்டும் நொந்துகொள்ள வேண்டாம்.

இனி வளைகுடா. இங்கே 'அல்காரிதம்' என்று சொல்லிப் பாருங்கள், அரபு நண்பர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வது 'குவாரிஸ்மியாத்'. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மியின் பெயர் அது. இந்திய எண்களை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி என்று அவர் எழுதியதை லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அவர் பெயரையே முறைக்குப் பெயராக்கிவிட்டார்கள். எனக்குத் திரையில் வந்த ஆங்கிலச் சொல் உடன் டியூட்டி பார்க்கும் சிரியாக்காரப் பெண்ணுக்கு ஒரு தாத்தாவின் பெயர்.

நவீன காலத்திலும் இந்த மண்ணில் ஒரு முதல் பாடம் இருந்தது. குவைத்தில் முகமது அல் ஷாரிக் என்பவர் 1982இல் தொடங்கிய சக்ர் நிறுவனம், அரபி தெரிந்த வீட்டுக் கணினிகளை விற்றது. தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்டிக்கொண்டு அரபியிலேயே பேசிக் மொழி எழுதிய ஒரு தலைமுறை உண்டு. நம் பிள்ளைகள் படிக்கும் இங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் இப்போது பைத்தான், அதில் அடுக்கு என்ற தரவுக் கட்டமைப்பும் உண்டு. என் மகள் அதைப் பள்ளியில் படித்த ஆண்டில்தான் நானும் படித்தேன். "அம்மா, நீங்க பாப் பண்றதுக்கு முன்னாடி காலியா இருக்கான்னு பாருங்க" என்று அவள் சொன்னதை, மருந்து தருமுன் அலர்ஜி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் எங்கள் பழைய சிஸ்டர் டியூட்டரின் குரலில் கேட்டேன்.

சென்னை ஐ.ஐ.டி.யின் படிப்பு 2020 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதற்கு 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். காணொளி வகுப்புகள் அடித்தளம். நுழைவுக்கு ஊரெல்லாம் முட்டிமோதும் ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும், பன்னிரண்டில் எந்தப் பிரிவானாலும் தேர்ச்சி. நான்கு வாரம் பாடம் சொல்லித் தந்து, அதில் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். வயது வரம்பு இல்லை. 1982இன் கதவில் இருந்த தாழ்ப்பாள் இங்கே இல்லை. நான் உள்ளே வந்தது இதனால்தான்.

தொடக்கத்தில் கணினிச் சிந்தனை என்ற பாடம். நிரலே இல்லாமல், மதிப்பெண் அட்டைகளையும் கடை ரசீதுகளையும் கையில் வைத்துக்கொண்டு அட்டை அட்டையாகப் புரட்டிக் கற்றுத் தருகிறார்கள். அடுத்த நிலையில் பைத்தான் வழியாகத் தரவுக் கட்டமைப்புகளும் நெறிமுறைகளும். கற்பிப்பவர் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த். ராணி சிரோமணியும் தன் பிற்காலத்தில் அதே கழகத்தோடு தொடர்பில் இருந்தார். காணொளிகளை எந்த நேரத்திலும் பார்க்கலாம். தேர்வு மட்டும் நேரில் போய் மையத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. நாற்பத்து மூன்று வயதில் நுழைவுச்சீட்டோடு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் பையன் "ஆன்ட்டி, பையனை விட வந்தீங்களா?" என்று கேட்பது தவிர வேறு சங்கடம் இல்லை.

ஏன் படிக்கிறேன் என்று சொல்வதாகச் சொன்னேன். வேலையை விட்டு மென்பொருளுக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இன்று வார்டில் யாருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதைத் திரை சொல்கிறது. யார் அடுத்து என்பதைத் திரை சொல்கிறது. ஒரே அவசர நிலையில் இருவர் இருந்தால் அது யாரை முன்னால் காட்டுகிறது, எந்த விதியில் காட்டுகிறது என்று கேட்டால், நான் வேலை பார்த்த இடங்களில் 'சிஸ்டம் அப்படித்தான்' என்பதே பதில். சிஸ்டம் என்பது யாரோ இரண்டாவது பாடம் படித்தவர் எடுத்த ஒரு முடிவு. அந்த முடிவைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்த ஒரு செவிலியர் கூட்டத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகிறது. போன வருடம் அப்படி ஒரு கூட்டத்தில், வந்த நேரத்தையும் சேர்த்து வரிசைப்படுத்துகிறீர்களா என்று கேட்டேன். மென்பொருள்காரர் குறிப்பேட்டை எடுத்தார். சம்பளம் ஏறவில்லை. பட்டம் வந்த பிறகும் செவிலியர் பணியில் அது கணக்கில் வராது.

கடைசியாக ஒரு சொல் சிக்கல், இலக்கிய நண்பர்கள் கூடியிருக்கும் இடமாதலால். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. 'தரவு அருவமாக்கம்', 'வரையெல்லை' என்று அத்தியாயங்கள் இருக்கின்றன. ஸ்டேக் அடுக்கு, க்யூ வரிசை, அர்ரே அணி, ட்ரீ மரம். எல்லாம் சரியாகப் பொருந்துகின்றன. ஹீப்புக்கு மட்டும் 'குவியல்' என்கிறார்கள் சிலர். குப்பையும் குவியல்தான், துவைக்காத துணியும் குவியல்தான். ஒழுங்கே இல்லாததற்கு நாம் சொல்லும் சொல்லை, உச்சியில் யார் இருக்க வேண்டும் என்று கறாராக விதி வைத்த ஒன்றுக்குச் சொன்னால் படிக்கிற பிள்ளை குழம்பாதா? என் தாத்தா களத்தில் நெல்லைக் கூம்பாகக் கூட்டி வைப்பதை 'அம்பாரம்' என்பார். அடி அகலம், உச்சி ஒன்று. வடிவம் பொருந்துகிறது, ஆனால் நெல்மணிகளுக்குள் அவசரம் கிடையாது. இதைவிடப் பொருத்தமான சொல் உங்கள் ஊரில், யாழ்ப்பாணத்திலோ தஞ்சையிலோ, இருக்கலாம். அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், கேள்வி நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.